கொழும்பு மொட்டைமாடியில் ஒரு பாலைவனப் பைன்: விதையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

எல்டாரிகா பைன் வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வெயில் விழுந்து, மழை மட்டும் விழாத ஓர் இடம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் முதலில் அந்த இடத்தை உண்டாக்குங்கள், விதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் இந்த மரத்தின் சொந்த ஊர். அசர்பைஜானும் ஜோர்ஜியாவும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் எல்டார் என்றொரு வறண்ட சமவெளி இருக்கிறது. அதை ஒட்டிய சிறிய மேட்டுநிலத்தில்தான் இது தானாக முளைத்து நின்றது. அங்கே வருடம் முழுவதும் பெய்கிற மழை 250 மில்லிமீற்றர் அளவுதான். அங்கிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கமெல்லாம் மனிதர்கள் கொண்டுபோய் நட்டார்கள். தெஹ்ரான் நகரத்துப் பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் இது நிறைந்து நிற்பதால் ஈரானியர்கள் இதைத் தெஹ்ரான் பைன் என்றே சொல்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் விதை அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ஆப்கான் பைன், மொண்டெல் பைன் என்று பெயர்கள் வந்தன. அரிசோனா, நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ் போன்ற சுடுநிலங்களில் நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நடுகிறார்கள், நத்தார் மரமாகவும் வளர்த்து விற்கிறார்கள்.

இனி நம் ஊரைப் பாருங்கள். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. ஒக்டோபர் மாதம் மட்டுமே 300ஐத் தாண்டும். அந்த மரத்தின் ஊரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை இங்கே ஒரே மாதத்தில் கொட்டிவிடுகிறது. அதே டெக்சாஸின் கிழக்குப் பகுதியில் மழையும் ஈரப்பதமும் புளிப்பு மண்ணும் கூடுதல் என்பதால் இந்த மரம் அங்கே சரியாக வருவதில்லை. ஆகவே கொழும்பில் இதை நிலத்தில் நட வேண்டாம். சாடியில் வளர்க்கலாம், ஐந்தாறு அடி உயரத்தில் அழகாக வைத்திருக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்த்தால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் இப்போது நிற்பது என் மூன்றாவது முயற்சி. வயது ஐந்து, உயரம் என் நெஞ்சளவு. முதல் முறை பதினொரு நாற்றுகள் முளைத்தன. மே மாத மழையில் ஒரு வாரத்துக்குள் எல்லாம் போய்விட்டன. இரண்டாம் முறை நான் மட்டக்களப்புக்குப் போயிருந்த பத்து நாளும் பக்கத்து வீட்டு மாமி காலை மாலை தண்ணீர் ஊற்றியிருக்கிறார். "பாவம் தம்பி, மண் காஞ்சு போய்க் கிடந்தது" என்றார். மாமியில் பிழையில்லை. காய்ந்த மண்ணைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றுவதுதான் நம் கைப்பழக்கம். இந்த மரத்துக்காக அந்தக் கையைத்தான் பழக்கி எடுக்க வேண்டும்.

கையில் இருப்பது பைன்தானா?

கொழும்பில் "நத்தார் மரம்" என்று சாடியில் விற்கப்படுவது பெரும்பாலும் அரோகேரியா. தட்டுத் தட்டாக, குடை அடுக்கியதுபோல் கிளை விடும். அழகான மரம், நம் காலநிலைக்கும் ஒத்துவரும், ஆனால் அது பைன் இல்லை. கடற்கரையோரங்களில் நிற்கிற சவுக்கையும் பலர் பைன் என்று நினைக்கிறார்கள். சவுக்கின் "ஊசி" ஒன்றைப் பிடித்து மெல்ல இழுங்கள். கணுக் கணுவாகக் கழன்று வரும். அது இலை அல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. உண்மையான இலை அந்தக் கணுவில் பல்போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

மலையகத்தில் பைனஸ் என்று சொல்கிற மரம் நிஜமான பைன்தான். கண்டி ஹந்தானையில் ஏறியவர்கள் அதன் நடுவே நடந்திருப்பார்கள். அது பெரும்பாலும் கரீபியன் பைன். மழைநாட்டு மரம், ஊசிகள் நீளம், பொதுவாக மூன்று மூன்றாக வரும். எல்டாரிகாவில் ஊசிகள் இரண்டிரண்டாக இருக்கும். ஒரு ஊசியைக் கொத்தோடு பறித்து அடியைப் பாருங்கள்: வெங்காயச் சருகுபோல மெல்லிய உறைக்குள் இரண்டு ஊசிகளும் சேர்ந்து செருகியிருக்கும். இரண்டையும் ஒட்டிப் பிடித்தால் முழு உருளையாகிவிடும், அவ்வளவு கச்சிதம். நீளம் ஒரு விரல் அளவு அல்லது சற்றுக் கூட.

சிறு நாற்றில் இந்தச் சோதனை பலிக்காது. முதல் வருடத்தில் வருகிற இலைகள் ஒற்றை ஒற்றையாக, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். இரட்டை ஊசி பிறகுதான் வரும். வேறு ஏதோ முளைத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள்.

விதை

விதையை வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். உறவினர் பையில் போட்டுக் கொண்டுவரட்டும் என்று தயவுசெய்து செய்ய வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதையோ கன்றோ கொண்டுவர அனுமதி வேண்டும். அனுப்புகிற நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்காவில் இருக்கும் தாவரத் தொற்றுத்தடைப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்து, அனுமதியை எடுத்துவிட்டுப் பிறகு விதைக்குப் பணம் கட்டுங்கள். பைனுக்கு வருகிற பூஞ்சை நோய்கள் சில விதையோடே பயணம் செய்பவை. நம் மலைகளில் பைன் தோட்டங்கள் இருக்கும்போது இது விளையாட்டு விடயம் அல்ல.

விதை வத்தகப்பழ விதையைவிடச் சிறியது, கறுத்த நிறம், பின்னால் ஈசல் இறகுபோல் ஒன்று நீண்டிருக்கும். இறகை விரலால் தேய்த்து எடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். அடியில் தங்குவதை எடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் பொக்கு. குளிர்நாட்டுப் பைன் சிலவற்றின் விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வாரக்கணக்கில் வைத்து எடுக்க வேண்டும். எல்டாரிகாவுக்கு அந்த வேலை இல்லை, ஊறவைத்தால் போதும்.

விதைக்கும் காலம் முக்கியம். ஒக்டோபர், நவம்பர் மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரத்திலோ போடுங்கள். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும்தான். நாற்று பிழைக்குமா போகுமா என்று முடிவாகிற நாட்கள் அந்த உலர்ந்த காலத்துக்குள் அடங்கிவிட வேண்டும். நான் முதல் முறை விதை கையில் கிடைத்த அவசரத்தில் மார்ச் இறுதியில் போட்டேன். நாற்றுகள் மூன்று அங்குலம் வருமுன் மே மழை பிடித்துவிட்டது.

மண் கலவை

கடையில் பையில் கட்டி விற்கிற பூச்செடி மண் இதற்கு ஆகாது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கவென்றே செய்யப்பட்டது. நமக்கு வேண்டியது ஊற்றிய தண்ணீர் அரை நிமிடத்தில் அடியால் வெளியே வந்துவிடுகிற கலவை.

நான் கலப்பது இப்படி. பருமணல் மூன்று பங்கு. உடைந்த கூரை ஓட்டையோ செங்கல்லையோ கடலை அளவுக்குத் தட்டி எடுத்த துண்டுகள் இரண்டு பங்கு. கருக்கிய உமி ஒரு பங்கு. தும்புத்தூள் அரைப் பங்குக்கு மேல் வேண்டாம். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். வெள்ளவத்தையில் கடல் கூப்பிடு தூரம்தான், ஆனால் உப்பு மணலை அள்ளி வந்து சாடியில் போட்டுவிடாதீர்கள். மணலையும் ஓட்டுத் துண்டையும் சல்லடையில் போட்டு, தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசுங்கள். அந்த நுண்தூள்தான் பின்னால் சாடியின் அடியில் சேறாக இறுகி வேரை மூச்சுத் திணற வைக்கும். அலுப்பான வேலைதான், ஒரு பின்னேரம் போய்விடும், ஆனாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

எல்டாரிகா சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணைத் தாங்கும், அதில் நன்றாகவே வரும். கொழும்பின் சிவந்த மண்ணோ புளிப்புப் பக்கம். அதனால் ஒரு வாளிக் கலவைக்கு ஒரு பிடி டொலமைட் சேர்க்கிறேன். தென்னைக்குப் போடுகிற அதே டொலமைட்தான்.

இன்னொன்றும் சேர்க்கலாம்: பைன் வேரோடு கூட்டாக வாழ்கிற பூஞ்சை. வெள்ளை நூல்போல வேரைச் சுற்றிப் படர்ந்து, மண்ணிலிருந்து தண்ணீரையும் பொசுபரசையும் வேருக்கு எடுத்துக் கொடுக்கும். புது மண்ணில் வளர்கிற பைனுக்கு அது இல்லாவிட்டால் நாற்று மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் பைன் நிற்கிற தோட்டம் தெரிந்த ஒருவருடையது என்றால், நலமாக நிற்கும் மரத்தின் அடியிலிருந்து சருகோடு ஒரு கைப்பிடி மண்ணைக் கேட்டு வாங்கிக் கலவையில் தூவுங்கள். ஒரு கைப்பிடி பத்துச் சாடிக்குக் காணும்.

விதைத்து, நாற்றைக் காப்பாற்றுவது

அரை அடி ஆழமாவது உள்ள சாடியில் விதையை ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் போட்டு, மேலே அலசிய மணலைத் தூவுங்கள். பைனின் ஆணிவேர் நேராகக் கீழே ஓடும். ஆழமில்லாத தட்டில் விதைத்தால் வேர் அடியில் சுருண்டுகொள்ளும். சிறு வயதில் சுருண்ட வேர் பிறகு எந்தப் பெரிய சாடிக்கு மாற்றினாலும் நிமிராது.

இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும். முதலில் ஒரு வளைந்த தண்டு தெரியும். பிறகு அது நிமிர்ந்து, தலையில் விதைத்தோலைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு நிற்கும். தொப்பியைக் கையால் கழற்ற வேண்டாம், தானாக விழும். விழுந்ததும் குடைக் கம்பிகள்போல ஏழெட்டு மெல்லிய விதையிலைகள் வட்டமாக விரியும்.

இந்தக் கட்டத்தில் பெரிய எதிரி நாற்றழுகல். நேற்றுப் பச்சையாக நின்ற நாற்று இன்று காலையில் படுத்திருக்கும், இலைகள் பச்சையாகவே இருக்கும். குனிந்து பார்த்தால் மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி நூல்போல ஒடுங்கியிருக்கும். அந்த நாற்றை இனிக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு சேர்த்து அள்ளி அகற்றிவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். வராமல் தடுக்க வழிகள் இவை: மேலே தண்ணீர் தெளிக்காமல், சாடியை ஒரு தாச்சித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியால் ஊறவிட்டு எடுப்பது, நாற்றுகளை நெருக்கமாக விடாதது, காற்றோட்டமான இடத்தில் வைப்பது. யன்னலோரத்து நிழல் பாதுகாப்பானது என்று தோன்றும். அது பிழை. காலை வெயில் நன்றாக விழட்டும்.

இடமும் சாடியும்

குறைந்தது ஆறு மணிநேர நேர் வெயில் வேண்டும். என் ஏற்பாடு எளிமையானது: மொட்டைமாடியின் கிழக்கு மூலையில் நான்கு இரும்புக் கம்பங்கள், மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் கூரைத் தகடு, பக்கங்கள் நான்கும் திறந்தவை. வெயில் வரும், காற்று வரும், மழை வராது. சாரல் அடிக்கிற மே முதல் செப்டெம்பர் வரை மேற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு தகட்டைச் சாய்த்துக் கட்டுவேன். கடலிலிருந்து வருகிற உப்புக் காற்றையும் அது கொஞ்சம் தடுக்கும். கூரை கட்ட வழியில்லாதவர்கள் வெயில் படும் பல்கனியில் சாடியை வைத்து, மழை நாட்களில் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். சாடிக்குச் சில்லுப் பலகை ஒன்று செய்துவிடுங்கள், இடுப்புக்கு நல்லது.

சாடி சுட்ட மண்ணாக இருக்கட்டும். பக்கச் சுவராலும் ஈரம் ஆவியாகும். அடியில் தட்டு வைக்காதீர்கள். மூன்று செங்கற்களின் மேல் சாடியை ஏற்றி வையுங்கள், துளை அடைபடாமல் இருக்கும்.

தண்ணீர்

ஒரு ஈர்க்கை எடுத்து, சாடியின் ஓரத்தில் நான்கு விரல் ஆழத்துக்குக் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். மணல் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் வேண்டாம். சுத்தமாக, உலர்ந்து வந்தால் ஊற்றுங்கள். ஊற்றுவது என்றால் கொஞ்சம் தெளிப்பது அல்ல, அடித் துளையால் ஓடி வரும்வரை ஊற்றுவது. பிறகு மறுபடி ஈர்க்கு உலர்ந்து வரும்வரை தொடவே கூடாது. நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். என் மரத்துக்குப் பெப்ரவரி வெயிலில் நான்கு நாளுக்கு ஒரு முறை தேவைப்படுகிறது. நவம்பரில் கூரைக்குள் இருந்தும் பன்னிரண்டு நாள் ஆகும். காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கிறது.

கொஞ்ச நாளில் ஈர்க்கும் தேவைப்படாது. சாடியை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாலே பாரம் சொல்லிவிடும்.

குழப்புகிற விடயம் ஒன்று உண்டு. தண்ணீர் கூடிய பைனும் தண்ணீர் காணாத பைனும் பார்க்க ஒரே மாதிரித்தான் வாடும். வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஆகவே ஊசி காயும். காய்கிறதே என்று மேலும் ஊற்றினால் கதை முடிந்தது. ஊசி பழுப்பாகிற நேரத்தில் தண்ணீர்க் குவளையைத் தேடாமல் ஈர்க்கைத் தேடுங்கள்.

உரம், கத்தரிப்பு, பூச்சி

உரம் குறைவாகப் போதும். ஜனவரியிலும் ஜூலையிலும், பொதியில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்த திரவ உரம். பச்சை மாட்டெரு வேண்டாம்.

கத்தரிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஊசியே இல்லாத பழைய மொட்டைக் கிளை வரை வெட்டினால் அங்கிருந்து மீண்டும் துளிர்க்காது. வெட்டியபின் துளிர்க்கிற கனரித் தீவுப் பைன் போன்றவை ஒரு சிலதான். எல்டாரிகாவில் புதுத்துளிர் மெழுகுதிரிபோல நிமிர்ந்து வரும். வெளிர் நிறம், நுனியில் பிசின், விரலில் ஒட்டினால் நாள் முழுக்க மணக்கும். அந்தத் திரி நீண்டு, ஊசிகள் விரியுமுன் பாதியாகக் கிள்ளிவிடுங்கள். கிளை அடர்த்தியாகும், மரமும் கூம்பு வடிவத்தில் நிற்கும்.

பூச்சியில் இரண்டைக் கவனியுங்கள். ஊசிக் கொத்தின் அடியில் பஞ்சுபோல வெள்ளையாகத் தெரிந்தால் மாப்பூச்சி. பழைய பல்தூரிகையைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுத்துவிடலாம். ஊசிகள் பளபளப்பு இழந்து புள்ளி புள்ளியாக மங்கினால் கிளைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது சிற்றுண்ணி. காலை வேளையில் குழாய்த் தண்ணீரை ஊசிகளில் மட்டும் வேகமாகப் பாய்ச்சிக் கழுவுங்கள், சாடி வாயை ஒரு பொலித்தீனால் மூடிவிட்டு. உள்பக்கத்துப் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிர்வது நோய் இல்லை. நுனிப்பக்கத்து இளம் ஊசி காய்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வறண்ட நாட்டில் நிலத்தில் நடுகிறவர்களுக்கு

அரிசோனா போன்ற இடங்களில் இருக்கிற உறவினர்களும் இதைக் கேட்கிறார்கள், அவர்களுக்குச் சுருக்கமாக. நிலத்தில் இந்த மரம் 10 முதல் 15 மீற்றர் வரை போகும், அகலமும் எடுக்கும். சுவரிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி நடுங்கள். குழி சாடியின் ஆழமே போதும், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள், கொம்போஸ்ட் கலக்க வேண்டாம். புல்தரைக்கு நடுவே நடாதீர்கள். புல்லுக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வேண்டும், பைனுக்கு அதுவே பகை.

வறட்சி தாங்கும் மரம் என்பதற்கு நட்ட நாளிலிருந்தே தாங்கும் என்று பொருளல்ல. முதல் இரண்டு கோடைகளில் ஒழுங்காகத் தண்ணீர் வேண்டும். அடிமரத்தில் ஊற்றாமல், கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே, இரண்டு மூன்று அடி ஆழம் நனையும்படி மெதுவாகப் பாய்ச்சி, பிறகு காயவிடுங்கள். மரம் விரிய விரியச் சொட்டுக் குழாயையும் வெளியே நகர்த்த வேண்டும். பலர் நட்ட இடத்திலேயே குழாயை வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், அடிமரம் ஊறி அழுகிவிடுகிறது.

சாடி மாற்றும் காலம்

கொழும்புச் சாடி மரத்துக்குத் திரும்புகிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரியில், ஒரே ஒரு அளவு பெரிய சாடிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய சாடிக்குப் போனால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். மரத்தை வெளியே எடுத்ததும் வேர்களுக்கிடையே வெள்ளைப் பூசணம்போலத் தெரிந்தால் கழுவிவிடாதீர்கள். அதுதான் முன்னே சொன்ன கூட்டுப் பூஞ்சை, காளானின் மணம் வரும். வேர் அழுகியிருந்தால் மணம் வேறு, புளித்த சாக்கடை போல இருக்கும், தொட்டால் தோல் கழன்று வரும். அப்படியானவற்றை மட்டும் வெட்டிவிட்டு, புதுக் கலவையில் இறக்கி, ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் அரை நிழலில் வைத்திருந்து, பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள்.